கரிப் பெட்டியில் தேய்த்த மடிப்பு இப்போது ஏன் நிற்பதில்லை?

பரண்பூனை, மதுரை:

அப்பாவின் சட்டைகளை இப்போது நான்தான் தேய்க்கிறேன். நீராவி வரும் பெட்டி, வழுக்கும் அடித்தட்டு என்று எல்லா வசதியும் இருக்கிறது. சட்டையை வாங்கியதும் அப்பா கைமடிப்பை விரலால் ஒருமுறை நீவிப் பார்ப்பார். எதுவும் சொல்ல மாட்டார். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இந்த மௌனம்தான் பொறுக்கவில்லை. நேற்று கேட்டேவிட்டேன். "கரிப் பெட்டியில் தேய்த்த மடிப்பு ராத்திரி சட்டையைக் கழற்றும்வரை நிற்கும். இது பஸ் ஏறுவதற்குள் படுத்துவிடுகிறது" என்றார்.

இது வயதானவர்களின் பழங்காலப் பாசம்தானா, இல்லை கரிப் பெட்டிக்கு உண்மையிலேயே ஏதாவது தனிக் குணம் உண்டா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூடவே பழைய கதைகள் வந்தாலும் வரட்டும், தடையில்லை.

மைக்காத்தகடு, கோவை:

எடைதான். வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

பித்தளைக் கரிப் பெட்டி, உள்ளே கரியோடு சேர்த்து ஐந்தாறு கிலோ கனக்கும். கடையில் வைத்திருப்பவை இன்னும் கூட. இப்போது வீட்டுக்கு வாங்கும் பெட்டி ஒரு கிலோவைத் தாண்டினாலே பெரிது. பருத்தித் துணியில் மடிப்பு நிற்க ஈரம், சூடு, அழுத்தம் மூன்றும் வேண்டும். ஈரமும் சூடும் சேரும்போது நூலுக்குள் இருக்கும் பிணைப்புகள் தளர்கின்றன. அந்த நிலையில் அழுத்திப் பிடித்து, ஈரம் வற்றும்வரை விட்டால் அதே வடிவத்தில் இறுகிவிடும். உங்கள் பெட்டி ஈரம் தருகிறது, சூடு தருகிறது. அழுத்தத்தை உங்கள் கைதான் தர வேண்டும். தருகிறீர்களா என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் வந்த மின்பெட்டிகளும் கனமாகத்தான் இருந்தன. 750 வாட்ஸ் பெட்டியைத் திறந்தால் இரண்டு மைக்காத் தகடுகளுக்கு நடுவே நிக்ரோம் பட்டை சுற்றிய எலிமென்ட் இருக்கும். அதன்மேல் ஒரு வார்ப்பிரும்புக் கட்டை, அதன்மேல் மூடி, கைப்பிடி. அவ்வளவுதான். தெர்மோஸ்டாட் கிடையாது. சூடேறியதும் சுவிட்சை அணைத்துவிட்டுத் தேய்க்க வேண்டும், ஆறியதும் மறுபடி போட வேண்டும். மறந்தவர்கள் வீட்டு மேசைகளில் முக்கோண வடு இன்னும் இருக்கும். எலிமென்ட் போனால் புதிது வாங்கி மாட்டிக்கொண்டு அதே பெட்டியை இன்னும் பல ஆண்டுகள் ஓட்டலாம். நூல் பின்னிய வயர் பிளக் பக்கம் பிய்ந்து, ஈரக் கையோடு தொட்டவருக்கு ஒரு சுளீர். அந்த நினைவுக்கு ஏங்குபவர் யாரும் இருக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நீலச்சொட்டு, கும்பகோணம்:

எடையைப் பற்றிச் சொன்னவருக்கு நன்றி. ஆனால் பெட்டிக்கு வருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும் என்பதை ஆண்கள் எப்போதும் விட்டுவிடுகிறார்கள். கஞ்சி போடாத வேட்டியின் மேல் ரோடு ரோலரை ஏற்றினாலும் மடிப்பு நிற்காது.

எங்கள் வீட்டில் கஞ்சி அத்தையின் பொறுப்பு. சோறு வடித்த கஞ்சியை வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். ஒரு பருக்கை தங்கினாலும் அது பெட்டிச் சூட்டில் பொரிந்து துணியில் பழுப்பாக ஒட்டிக்கொள்ளும். புடவைக்கு நீர்க்க, வேட்டிக்குக் கொஞ்சம் கெட்டியாக. விசேஷ நாளென்றால் சாதக் கஞ்சி போதாது; ஜவ்வரிசியைக் கண்ணாடிப் பதம் வரும்வரை காய்ச்சுவார். முக்கி எடுத்த துணியை முறுக்கிப் பிழியக் கூடாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து உதற வேண்டும். அந்த உதறலில் முகத்தில் தெறிக்கும் கஞ்சி நீருக்காகவே நாங்கள் சண்டை போட்டுக்கொண்டு முனையைப் பிடிப்போம். முழுக்கக் காயவிட மாட்டார். லேசான ஈரம் இருக்கும்போதே கொடியிலிருந்து எடுத்துச் சுருட்டி வைத்துவிடுவார்.

கஞ்சிக்கு முன்னால் நீலம். இப்போது கிடைக்கும் சொட்டு நீலம் தண்ணீரில் கரைந்துவிடும். அத்தை காலத்து நீலப் பொடி கரையாது, தண்ணீரில் மிதந்து கொஞ்ச நேரத்தில் அடியில் படியும். அதனால் அதைத் துணியில் சிறு மூட்டையாகக் கட்டி, வாளியில் அலசி, நிறத்தைப் பார்த்து, உள்ளங்கையில் தண்ணீரை அள்ளிப் பார்த்து, அப்புறம்தான் துணியை விடுவார். விட்டதும் கை நிற்கக் கூடாது. ஒரு நாள் வாசலில் யாரோ கூப்பிட, அத்தை போய்விட்டார். மாமாவின் சட்டை முதுகில் தேசப்படம் வரைந்ததுபோல மேகத் திட்டுகள். மாமா அதைப் போட்டுக்கொண்டுதான் அன்று பள்ளிக்கூடம் போனார். அவர் வாத்தியார்.

நாள்பட்ட வெள்ளையில் ஏறும் மஞ்சளை நீலம் அடக்கிவிடும். கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியும். இன்றைய சலவைத் தூளில் அதே வேலையைச் செய்ய வேறு ரசாயனம் கலக்கிறார்கள். வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தரும் சரக்கு அது. அத்தைக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு மூட்டையும் விழிப்பான கையும்.

மேற்குமாடம், தஞ்சாவூர்:

பெட்டியே இல்லாத வீடுகளை மறந்துவிட்டீர்கள். பித்தளைச் சொம்பில் அடுப்புத் தணலை அள்ளிப் போட்டு, கழுத்தை இடுக்கியால் பிடித்துத் தேய்ப்போம். சொம்பின் அடி உருண்டை என்பதால் ஒரு நேரத்தில் இரண்டு விரல் அகலம்தான் தேயும். காலரும் முன்பட்டையும் மட்டும் தேய்த்துக்கொண்டு மீதியைக் கால்சட்டைக்குள் செருகிவிடுவது. கால்சட்டையின் மடிப்புக்குப் பாய்தான். இரவில் அடியில் வைத்துப் படுத்தால் காலையில் நேர்க்கோடு. புரண்டு படுத்தால் இரண்டு கோடு.

பனங்கூடல், யாழ்ப்பாணம் (இப்போது டொராண்டோ):

நீங்கள் எல்லோரும் பழைய காலம் என்று எழுபதுகளைச் சொல்கிறீர்கள். எங்களுக்கு அது தொண்ணூறுகளில் திரும்பி வந்தது. 1990-இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது, ஆண்டுக்கணக்கில் வரவில்லை. பரணில் கிடந்த சிரட்டைக்கரிப் பெட்டிகளை எல்லோரும் இறக்கினார்கள். பள்ளிக்கூடத்துக்கு வெள்ளைச் சட்டை மினுக்காமல் போகக் கூடாது என்பதில் மட்டும் எந்தச் சண்டைக்கும் எங்கள் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. குண்டுச் சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் ஓடுவோம். அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் வருவார்.

சவர்க்காரத்துக்கும் தட்டுப்பாடு. பொருளாதாரத் தடையில் அகப்பட்ட சாமான்களில் அதுவும் ஒன்று. கிடைத்தாலும் வாங்க முடியாத விலை. அம்மம்மா சொன்ன வழி பனம்பழம். பழுத்து விழுந்த பழத்தைத் தண்ணீரில் பினைந்தால் நல்ல நுரை வரும். பனங்களியின் கசப்புக்கும் நுரைக்கும் காரணம் அதில் உள்ள சப்போனின் வகைச் சத்து என்று பின்னாளில் படித்தேன். பூந்திக்கொட்டை நுரைப்பதும் சப்போனினால்தான். உடுப்பை அதில் தோய்த்து, பழச்சாயம் தங்காமல் பல முறை அலச வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எவ்வளவு அலசினாலும் வாசம் போகாது. கொடியில் காயப் போட்டுவிட்டு உள்ளே போனால், மாடு வந்து சப்பத் தொடங்கிவிடும். எங்கள் அண்ணாவின் ஒரே நல்ல சட்டையின் ஒரு கை முழுவதும் பக்கத்து வீட்டுப் பசுவின் வாய்க்குள் போய்விட்டது. இழுத்து எடுத்தோம். கை வந்தது, பொத்தான்கள் வரவில்லை. அதன்பிறகு உடுப்புக் காயும் நேரமெல்லாம் தடியோடு காவல் இருப்பது என் வேலை ஆகிவிட்டது.

பரண்பூனை, மதுரை:

பனங்கூடல், படித்துச் சிரித்துவிட்டேன், அப்புறம் சிரித்ததற்கு ஒரு மாதிரியாக இருந்தது. எழுதியதற்கு நன்றி.

தோட்டத்துப்பிள்ளை, கிள்ளான்:

நான் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவன். எங்கள் பக்கத்துக் கரிப் பெட்டியின் தாழ் சேவல் உருவத்தில் இருக்கும். கொண்டையைப் பிடித்துத் திருகினால் மூடி திறக்கும். அடித்தட்டு பிடித்துக்கொண்டால் வாழையிலையில் இரண்டு இழுப்பு. இலையின் மெழுகு ஏறி, பெட்டி வழுக்கிக்கொண்டு ஓடும். அந்த வாசத்தை எழுத்தில் தர முடியாது.

எங்கள் அம்மாக்களுக்குத் தேய்ப்பைவிடப் பெரிய பகை ரப்பர் பால். அது துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்து, இழையோடு ஒன்றிவிடும். எந்தச் சவர்க்காரத்துக்கும் அசையாது. அதனால் மரம் வெட்டப் போகும் உடுப்பு தனி, வாளி தனி, கொடியும் தனி.

மூன்றாம்துறை, சென்னை:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது. எங்கள் தாத்தாவும் அப்பாவும் அந்தப் பெட்டியைப் பிடித்தவர்கள். அதனால் முதலில் கேள்விக்குப் பதில்.

பரண்பூனை, காய்ந்து முறுகிய சட்டையை அப்பா தேய்க்கவே மாட்டார். கிண்ணத்துத் தண்ணீரைக் கையால் தெளித்து, இறுக்கிச் சுருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அரை மணி நேரம் விட்டுவிடுவார். அதற்குள் ஈரம் சட்டை முழுக்க ஒரே சீராகப் பரவிவிடும். நீராவிப் பெட்டியில் இது நடப்பதில்லை. மேலே நனைகிறது, உடனே காய்கிறது. அடுத்தது, பெட்டியை ஓட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. மடிப்பின் மேல் வைத்து, அழுத்தி, ஒரு மூச்சு நிறுத்த வேண்டும். பிறகு மடித்த சட்டையை மற்றத் துணிகளின் அடியில் வைத்து ஆறவிட வேண்டும். தேய்த்த சூட்டோடு மாட்டிக்கொண்டால் எந்தப் பெட்டியில் தேய்த்தாலும் மடிப்பு படுத்துவிடும். கரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கரியில் தேய்ப்பவருக்கு அவசரப்பட முடியாது, அவ்வளவுதான்.

இப்போது கேட்காததையும் சொல்கிறேன்.

தாத்தா ஊரில் இருந்தவரை கூலி என்று காசாக எதுவும் கிடையாது. அறுவடையில் களத்தில் நெல், தினமும் சாயங்காலம் வீடு வீடாகச் சோறு. எல்லா வீட்டுக் குழம்பும் ஒரே பாத்திரத்தில் விழும். பாட்டி அதை வீட்டுக்குக் கொண்டுவந்து பிரிக்க முயல்வாராம், முடியாது. பத்து வயதுப் பையன் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு "வாடா" என்பான். பிரசவத் துணி, தீட்டுத் துணி, சாவு வீட்டுத் துணி எல்லாம் எங்களுக்குத்தான். பிணத்துக்கு முன்னால் மாத்து என்று வெளுத்த துணியை விரிப்பதும் தாத்தாதான். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்த நெல்லோடு சேர்த்து அளக்கப்படவில்லை.

வேலையின் நுட்பத்தையும் சொல்ல வேண்டும், அதையும் யாரும் சொல்வதில்லை. கண்மாய்க் கரையில் வெள்ளையாகப் பூக்கும் உவர்மண்ணைச் சுரண்டி வருவார்கள். அது சோடா உப்பு உள்ள மண். அதைக் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, கொதிக்கும் பானைகளின் மேல் சுற்றுச் சுற்றாக ஆள் உயரத்துக்கு அடுக்கி, மூடி, இரவு முழுக்க ஆவியில் வேகவிடுவது வெள்ளாவி. அழுக்கின் எண்ணெய்ப் பிசுக்கு அந்த ஆவியில் கழன்றுவிடும். விடியும் முன்பே துறைக்குப் போய்க் கல்லில் அடித்து அலச வேண்டும். தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் சேங்கொட்டைச் சாற்றில் அவர் போடும் குறி ஊருக்கே பதிவேடு. இந்த வீட்டுக்கு இரண்டு புள்ளி, அந்த வீட்டுக்குப் பெருக்கல் குறி, ஒரு வீட்டுக்குக் கோடும் புள்ளியும். மேலே சுண்ணாம்பைத் தடவினால் கருப்பாக ஏறி, துணி கிழியும்வரை போகாது. காவல்துறை அடையாளம் தெரியாத உடல்களை இந்தக் குறியை வைத்துக் கண்டுபிடித்த வழக்குகள் உண்டு. அந்தச் சாறு தோலில் பட்டால் கொப்புளம். பாட்டியின் விரலிடுக்கு எப்போதும் வெந்தே இருந்தது; மண்ணா, சோடாவா, சேங்கொட்டையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

அப்பா சென்னைக்கு வந்து ஒரு வேப்பமரத்தடியில் வண்டி போட்டார். சட்டைக்கு இவ்வளவு, புடவைக்கு இவ்வளவு என்று விலை சொன்னார். காசு கொடுக்காதவரின் துணியைத் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் ஏங்குகிற கரிப் பெட்டி ஓடிய அந்தத் தெருமுனை வண்டிதான் எங்கள் குடும்பம் சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்த இடம். அதனால் எனக்கும் அந்த வண்டியின் மேல் பாசம் உண்டு. காரணம் வேறு.

ஓய்வூதியர், திருச்சி:

மூன்றாம்துறை சொல்வதில் உண்மை இருக்கலாம். ஆனால் எல்லா வீட்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் சலவைக்காரரைக் குடும்பத்தில் ஒருவராகத்தான் நடத்தினோம். தீபாவளிக்கு அவருக்கும் வேட்டி எடுப்போம். அந்த உறவு இன்றைய இயந்திரத்தில் வருமா?

நீலச்சொட்டு, கும்பகோணம்:

ஐயா, குடும்பத்தில் ஒருவர் உங்கள் வீட்டில் எந்த வாசல் வழியாக வந்தார்? எங்கள் வீட்டில் கொல்லைப்புறம். அத்தை சோற்றை மேலிருந்து போடுவார், பாத்திரம் பாத்திரத்தில் படாமல். கஞ்சியைப் பற்றி நீட்டி முழக்கி எழுதிய நானும் அந்த வீட்டுப் பெண்தான்.

கயிறுமுறுக்கு, எர்ணாகுளம்:

இந்தத் தொழில் தமிழர்களை எங்கெல்லாம் கொண்டுபோயிருக்கிறது என்று பாருங்கள். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பெயருள்ள பகுதியில் ஒரு தோபி கானா, அதாவது பொதுச் சலவைக்கூடம், இருக்கிறது. அங்கே துவைப்பவர்கள் தமிழ் வண்ணார் குடும்பங்கள். படைவீரர்களின் சீருடை துவைக்க ஐரோப்பியர் காலத்தில் அழைத்துவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். 1976-இல் கட்டிய துவைப்பு அறைகளில் இன்றும் வேலை நடக்கிறது. கரிப் பெட்டியும் சோற்றுக் கஞ்சியும் அங்கே அருங்காட்சியகப் பொருட்கள் ஆகவில்லை. நான் அதிகம் பார்த்து நின்றது கொடிக் கயிற்றை. கிளிப் ஒன்றுகூட இல்லை. இரண்டு புரியாக முறுக்கிய கயிறு. புரிகளைக் கொஞ்சம் பிரித்து, துணியின் முனையைச் செருகி விட்டுவிடுகிறார்கள். காற்று இழுக்க இழுக்கப் பிடி இறுகுகிறது. எடுக்கும்போது ஒரே சுண்டல்.

சென்னை வண்ணாரப்பேட்டையும் இப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுக்கக் குடியேறியவர்களால் வந்த பெயர். இன்று மெட்ரோ ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை. சிங்கப்பூரின் தோபி காட் நிலையத்துக்கும் அதே கதை.

பச்சைத்திண்ணை, வேலூர்:

கரியை விட்டு வெளியே வர வழி தேடுபவர்களும் இருக்கிறார்கள். திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் சூரிய ஒளியில் இயங்கும் தேய்ப்பு வண்டியை வடிவமைத்து 2020-இல் குழந்தைகளுக்கான காலநிலைப் பரிசு பெற்றார். 2021-இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலும் பேசினார். இதைப் பற்றி மூன்றாம்துறை என்ன நினைக்கிறார்?

மூன்றாம்துறை, சென்னை:

அந்தப் பெண்ணின் எண்ணம் நல்லது. கரிச் சாம்பலை நுரையீரலில் வாங்கியவர் வீட்டுப் பிள்ளையாக இருந்துகொண்டு நான் குறை சொல்ல மாட்டேன். ஒரே சந்தேகம்: தேய்ப்பவர் நிழலில் நிற்க வேண்டும், தகடு வெயிலில் நிற்க வேண்டும். மரத்தடியை விட்டு வண்டியை வெளியே தள்ளினால் மே மாதத்தில் யார் நிற்பது? பேட்டரி இருப்பதால் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து நிழலில் தேய்க்கலாம் என்கிறார்கள். பேட்டரி மாற்றும் செலவை யாராவது ஏற்றுக்கொண்டால் நடக்கும்.

இப்போது எங்கள் தெருவில் சிலிண்டர் பெட்டி வந்துவிட்டது. அரசு முன்பு இலவசமாகப் பித்தளைத் தேய்ப்புப் பெட்டி கொடுத்தது. பிறகு எரிவாயுப் பெட்டி என்று மாற்றிவிட்டார்கள். கனம் பழைய கனம்தான், சாம்பல் இல்லை, பொறி பறந்து வாடிக்கையாளரின் டெரிகாட்டன் சட்டையில் ஓட்டை விழுவதும் இல்லை. காலையில் கரி மூட்டி ஊதி உட்காரும் நேரமும் மிச்சம். அப்பாவிடம் "பழையபடி கரிக்குப் போகலாமா" என்று கேட்டுப் பார்த்தேன். "போகிறவர்கள் போகட்டும்" என்றார்.

பரண்பூனை, மதுரை:

சுருட்டி வைத்து, அழுத்தி, ஆறவிட்டுப் பார்த்தேன். நன்றாகவே நிற்கிறது. ஆனால் வேட்டி இன்னும் துவள்கிறது. நீலச்சொட்டு அக்கா, ஒரு வேட்டிக்கு ஜவ்வரிசி எவ்வளவு? எங்கள் வீட்டில் குக்கர்தான், வடித்த கஞ்சிக்கு வழியில்லை.

நீலச்சொட்டு, கும்பகோணம்:

இரண்டு மேசைக்கரண்டி, ஒரு லிட்டர் தண்ணீர். முதலில் ஊறவையுங்கள், கண்ணாடியாக வெந்ததும் வடிகட்டி, ஆறிய பிறகு அரை வாளி தண்ணீரில் கலக்குங்கள். வேட்டியை உள்ளே விடுவதற்கு முன் வெறும் தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் பீரோவில் அடுக்கி வைக்காதீர்கள், இராமபாணப் பூச்சி அரித்துவிடும். எடுத்து வைப்பதாக இருந்தால் கஞ்சியை அலசிவிட்டு வையுங்கள்.

மேற்குமாடம், தஞ்சாவூர்:

கஞ்சியில் ஒரு சிட்டிகை உப்பு போட வேண்டும். பெட்டி ஒட்டாது.

நீலச்சொட்டு, கும்பகோணம்:

உப்பு போட்டால் மழைக்காலத்தில் வேட்டி பிசுபிசுக்கும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

மேற்குமாடம், தஞ்சாவூர்:

எங்கள் பக்கம் உப்புதான்.